தூண்டுகிறதாம்! எதை, எங்கே, எதற்கு?

கேமரன் மலையின் இரவுச் சந்தைக்குப் போனவர்கள் அந்த வாசகத்தைப் பார்த்திருப்பீர்கள். அவித்த சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஸ்ட்ராபெரி விற்கும் கடைகளுக்கு நடுவே ஒரு மேசை. அதன் மேல் பச்சை நிறப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரே வரி: 'நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்.' எங்கள் லெம்பா பெர்த்தாமில் இப்படி ஒரு புட்டி இல்லாத வீடு குறைவு. கோவிட் காலத்தில் வாங்கத் தொடங்கியவர்கள் இன்னும் நிறுத்தவில்லை.

நான் உயிர்மருத்துவ அறிவியல் படிக்கிறேன். மூலிகைகள் மீது எனக்குப் பகை இல்லை. கற்பூரவல்லியும் தூதுவளையும் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் வளர்கின்றன. சளி பிடித்தால் அவற்றைத்தான் முதலில் தேடுவோம். எனக்குப் பிரச்சினை அந்த வரியில் உள்ள ஒரே ஒரு வினைச்சொல்லோடுதான். 'தூண்டும்' என்றால் எதைத் தூண்டும்? சோதனைக் குழாயிலா, மனித உடம்பிலா? தூண்டுவது எப்போதும் நல்லதுதானா? புட்டியை எடுத்து விலை கேட்கும் முன் இவற்றைக் கேட்க நம் மாணவர்கள் பழக வேண்டும் என்பது என் கருத்து.

படிவம் 4 உயிரியல் பாடநூலில் மனித நோய் எதிர்ப்பாற்றலை மூன்று தற்காப்பு வரிசைகளாகப் படித்திருப்பீர்கள். தோலும் சளிப்படலமும் முதல் வரிசை. விழுங்கணுக்கள், அழற்சி, காய்ச்சல் ஆகியவை இரண்டாவது. லிம்போசைட்டுகளும் அவை தரும் எதிர்ப்பொருள்களும் மூன்றாவது. முதல் இரண்டும் சேர்ந்ததுதான் உள்ளார்ந்த எதிர்ப்பாற்றல். பிறக்கும்போதே உடம்போடு வருவது. எந்தக் கிருமி என்று பெயர் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே பாய்வது.

பெயர் கேட்காமல் பாய்கிறது என்றால், அந்நியன் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்விக்கான விடைக்கு 2011இல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. பிரான்சில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் 1996இல் பழ ஈக்களை ஆராய்ந்தார்கள். 'டோல்' என்ற மரபணு பழுதான ஈக்கள் பூஞ்சைத் தொற்றைத் தாங்க முடியாமல் இறந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் புரூஸ் பியூட்லர் குழுவினர், எலிகளிலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஏற்பி இருப்பதைக் கண்டார்கள். சில வகை பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருளை அடையாளம் காண்பது அந்த ஏற்பிதான். நம் உடம்பிலும் அது உண்டு. பாக்டீரியாவின் சட்டைத் துணியைத் தொட்டுப் பார்த்தே 'இவன் நம்மவன் இல்லை' என்று தீர்மானிக்கும் காவலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த லிப்போபாலிசாக்கரைடை நினைவில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும்.

மலைவாசிகளான எங்களுக்கு இந்தத் துறையில் ஒரு தனிப் பெருமை உண்டு. உள்ளார்ந்த எதிர்ப்பாற்றலைத் தாவரச் சாறு எப்படித் தொடுகிறது என்று காட்டிய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது தேநீரைப் பற்றியது. ஆம், நம் மலைச்சரிவில் 1929 முதல் பயிராகிவரும் அதே தேயிலைதான்.

தேயிலையில் தேயானின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அது உடம்பில் உடைந்து எத்திலமைன் என்ற சிறு மூலக்கூறாகிறது. இதே இனத்தைச் சேர்ந்த அமைன்களைச் சில பாக்டீரியாக்களும் வெளியிடுகின்றன. நம் இரத்தத்தில் காமா-டெல்டா டி அணுக்கள் என்று ஒரு சிறு கூட்டம் உண்டு. பெயரில் டி இருந்தாலும் நடத்தையில் பாதி இரண்டாம் வரிசையைச் சேர்ந்தவை, அவசரமாகப் பாய்பவை. இந்த அணுக்கள் அந்த அமைன்களுக்கு எதிர்வினை காட்டுகின்றன. பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2003இல் 11 பேரை நாள்தோறும் ஐந்தாறு கோப்பை தேநீர் குடிக்கச் செய்தார்கள். 10 பேருக்குக் காப்பி கொடுத்தார்கள். சில வாரங்களுக்குப் பிறகு இருசாராரின் இரத்த அணுக்களையும் எடுத்து பாக்டீரியாவோடு சேர்த்தபோது, தேநீர் குடித்தவர்களின் அணுக்கள் முன்பைவிடக் கூடுதலாக இன்டர்ஃபெரானைச் சுரந்தன. காப்பிக் குழுவில் அந்த மாற்றம் இல்லை. தேநீர், கிருமி வருவதற்கு முன்பே காவலர்களுக்கு ஓர் ஒத்திகை கொடுத்துவிட்டது போலிருக்கிறது.

அழகான ஆய்வு. எந்த மூலக்கூறு, எந்த அணு, எந்த எதிர்வினை என்று மூன்றுக்கும் பெயர் சொல்கிறது. ஆனால் அது சொல்லாததையும் கவனியுங்கள். தேநீர் குடித்தவர்களுக்குச் சளி குறைந்ததா? அந்த ஆய்வு அதை அளக்கவே இல்லை. பங்கேற்றவர்கள் மொத்தம் 21 பேர். அதை அளக்க 2007இல் ஃபுளோரிடாவில் வேறோர் ஆய்வு நடந்தது. தேயிலைக் கூறுகள் அடங்கிய மாத்திரை ஒரு குழுவுக்கு, வெற்று மாத்திரை மற்றொரு குழுவுக்கு. தேயிலைக் குழுவில் சளிக்காய்ச்சல் அறிகுறி கண்டவர்கள் 32 விழுக்காடு குறைவு. நம்பிக்கை தரும் எண்தான். ஆனாலும் முதல் ஆய்வைச் செய்தவர்களில் ஒருவர் இதிலும் ஆசிரியர். கொடுக்கப்பட்டது மாத்திரையே தவிர, பால் ஊற்றிச் சர்க்கரை கலந்த தே தாரேக் அல்ல. இவ்வளவையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அறிவியல். 'தேநீர் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்' என்று மட்டும் அச்சடித்தால் அது விளம்பரம்.

இனி அந்த லிப்போபாலிசாக்கரைடு கதைக்கு வருவோம். பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் மூலிகைச் சாற்றின் தூண்டும் திறனை எப்படிச் சோதிக்கிறார்கள்? பெரும்பாலும் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அவற்றின் மேல் சாற்றை ஊற்றி, அவை சுரக்கும் அழற்சிப் புரதங்களை அளப்பார்கள். அளவு ஏறினால் சாறு தூண்டுகிறது என்று எழுதுவார்கள். உலகம் முழுவதும் இப்படி எத்தனையோ கட்டுரைகள் வெளிவருகின்றன.

செடி மண்ணில் வளர்கிறது. அதன் வேரிலும் இலையிலும் தண்டுக்குள்ளும்கூட பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. சாறு பிழியும்போது அவற்றின் மேலுறைப் பொருள்களும் கூடவே வருகின்றன. லிப்போபாலிசாக்கரைடு, கொதிக்க வைத்தாலும் எளிதில் அழியாது. கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலே மேக்ரோஃபேஜைக் கிளப்பிவிடும். அப்படியானால் தட்டில் அணுக்களைத் தூண்டியது மூலிகையா, மூலிகையில் ஒட்டிக்கொண்டு வந்த பாக்டீரியாவா?

இது வெறும் சந்தேகம் அல்ல. மேற்கு நாடுகளில் சளிக்கு விற்கும் எக்கினேசியா என்ற மூலிகையை அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். வெவ்வேறு இடங்களிலிருந்து வாங்கிய எக்கினேசியா மேக்ரோஃபேஜ்களை வெவ்வேறு அளவில் தூண்டியது. அந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் காரணம், செடியில் இருந்த பாக்டீரியாக்களின் லிப்போபுரதங்களும் லிப்போபாலிசாக்கரைடும்தான் என்று தெரியவந்தது. எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. சரியாகக் கழுவாத இலை 'அதிக சக்தி வாய்ந்த' இலையாகத் தெரியக்கூடும் என்றல்லவா ஆகிறது!

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. குதிரைலாட நண்டின் இரத்தத்திலிருந்து எடுக்கும் ஒரு பொருள் லிப்போபாலிசாக்கரைடைத் தொட்டவுடன் உறைந்துவிடும். நம் நாட்டுக் கடலோரங்களில் பெலாங்காஸ் என்று சொல்கிறோமே, அந்த இனம்தான். பாலிமிக்சின் பி என்ற மருந்தைச் சேர்த்து லிப்போபாலிசாக்கரைடை முடக்கிவிட்டு, சாறு இன்னும் தூண்டுகிறதா என்றும் பார்க்கலாம். கல்லூரியில் இருப்பவர்கள் அடுத்த முறை ஒரு மூலிகை ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது, இந்தச் சோதனைகளில் ஏதாவது ஒன்றையேனும் செய்திருக்கிறார்களா என்று செய்முறைப் பகுதியில் தேடிப் பாருங்கள். செய்யவில்லையென்றால் முடிவைப் பாதிதான் நம்புவேன்.

சரி, நம் சொந்தக்காரரான நிலவேம்புக்கு வருவோம். மலாய்க்காரர்கள் இதை ஹெம்பெடு பூமி, அதாவது பூமியின் பித்தம் என்கிறார்கள். ஒரு முறை நாக்கில் பட்டவர்கள் பெயரின் பொருத்தத்தை மறுக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் 2012இல் டிங்கி பரவியபோது அரசே நிலவேம்புக் குடிநீரை மக்களுக்கு வழங்கியது. நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என ஒன்பது சரக்குகள் சேர்ந்த சித்த மருத்துவக் கஷாயம் அது. 2017இல் மறுபடி டிங்கி பரவியபோது, ஆய்வு முடிவு தெரியும்வரை விநியோகத்தை நிறுத்தி வையுங்கள் என்று நடிகர் கமல்ஹாசன் தம் நற்பணி இயக்கத்தினரைக் கேட்டுக்கொண்டார். உடனே பெரிய சர்ச்சை. ஒரு பக்கம் 'பாரம்பரியத்தை அவமதித்துவிட்டார்', மறுபக்கம் 'எல்லாம் மூடநம்பிக்கை'. இரண்டு பக்கமும் நிலவேம்பு உடம்பில் என்ன செய்கிறது என்று பேசியதாக எனக்கு நினைவில்லை.

அது என்ன செய்கிறது என்பதுதான் சுவையான பகுதி. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் 1993இல் வெளியிட்ட ஆய்வில், நிலவேம்புச் சாறும் அதிலுள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற கசப்புப் பொருளும் எலிகளின் எதிர்ப்பாற்றலைத் தூண்டின. பிறகு வந்த பல ஆய்வுகளில் அதே ஆண்ட்ரோகிராஃபோலைடு நேர்மாறான வேலையைச் செய்தது. அணுவுக்குள் அழற்சியைத் தொடங்கிவைக்கும் என்எஃப்-கப்பாபி என்ற புரதத்தை அது தடுத்தது. அதாவது மணியடிக்கும் கையைப் பிடித்துக்கொண்டது.

ஒரே செடி, தூண்டவும் செய்கிறது, அடக்கவும் செய்கிறது. அளவு, சாறெடுத்த முறை, அந்த நேரத்தில் உடம்பு இருக்கும் நிலை ஆகியவற்றைப் பொறுத்து மாறுகிறது. இதில் வியப்பு ஒன்றுமில்லை. ஓர் இலையில் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் புட்டியில் மட்டும் 'தூண்டும்' என்று ஒரு பாதியைத்தான் அச்சடிக்கிறார்கள். டிங்கியில் தூண்டுவதா நல்லது, அடக்குவதா நல்லது? கடுமையான டிங்கியில் இரத்தக் குழாய்கள் கசிவதற்கு வைரஸ் மட்டும் காரணமில்லை. உடம்பின் மிகையான எதிர்வினைக்கும் பங்குண்டு. அந்த நிலையில் 'தூண்டுதல்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நடுக்கம் வருகிறது. 2023இல் மட்டும் நம் நாட்டில் 120,000க்கும் மேற்பட்டோர் டிங்கியால் பாதிக்கப்பட்டார்கள். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். 'கஷாயம் வேலை செய்கிறது, காய்ச்சல் இறங்கிவிட்டது' என்று வீட்டில் நிம்மதியடையும் நேரமும் அதுதான். எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து மருத்துவமனைக்குப் போக ரிங்லெட் வழியாக தானா ராத்தா வரை மலைப்பாதையில் ஏற வேண்டும். இங்கே அரை நாள் தாமதம் சிறிய தாமதம் அல்ல.

சோதிக்க முடியாது என்று யாராவது சொன்னால் கிள்ளானைப் பார்க்கச் சொல்லுங்கள். தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் டிங்கி நோயாளிகள் 228 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சையோடு மூன்று நாள் பப்பாளி இலைச் சாறு கொடுத்தார்கள். தட்டணுக்களின் எண்ணிக்கை அந்தக் குழுவில் விரைவாக ஏறியதாக 2013இல் எழுதினார்கள். அது எதிர்ப்பாற்றல் ஆய்வு அல்ல. உயிர் பிழைப்பதை அளந்த ஆய்வும் அல்ல. வெற்றுச் சாறு கொடுத்து ஒப்பிடவும் இல்லை. ஆனாலும் எத்தனை பேர், எவ்வளவு சாறு, எத்தனை நாள், எதை அளந்தோம் என்று எல்லாம் வெளிப்படையாக இருக்கிறது. குறை சொல்ல இடம் தரும் அளவுக்கு நேர்மையான ஆய்வு. பாட்டி வைத்தியத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்க முடியும்?

என் அத்தை முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். இப்போது அவருக்கு முடக்குவாதம்; காலையில் விரல்கள் மடங்காது. இது எதிர்ப்பாற்றல் குறைவால் வரும் நோய் அல்ல. உடம்பின் காவலர்கள் சொந்த மூட்டுகளையே தாக்குவதால் வருவது. அவர்களை அடக்கத்தான் கிளினிக்கில் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கொடுக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் அவருக்கு 'எதிர்ப்புச் சக்தி' புட்டி இரண்டைத் தள்ளுபடி விலையில் தந்துவிட்டுப் போனார். சீந்தில் சாறு முதன்மைச் சரக்கு. "இலைதழைதானே, இது என்னா செஞ்சிடப் போவுது?" என்று அத்தை கேட்டார். ஒரு கையில் அடக்கும் மாத்திரை, மறு கையில் தூண்டும் புட்டி. விற்றவர் அத்தைக்கு என்ன நோய் என்று கேட்கவே இல்லை என்பதுதான் என் கோபம்.

சீந்திலைப் பற்றி மும்பையிலிருந்து வந்த செய்தியை அவருக்கு எடுத்துச் சொன்னேன். கோவிட் காலத்தில் எதிர்ப்பாற்றலுக்காகச் சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை அங்குள்ள மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். தன் எதிர்ப்பாற்றலே கல்லீரலைத் தாக்கும் வகையை ஒத்திருந்தது அந்தப் பாதிப்பு. அது உண்மையான சீந்தில்தானா, அதே இனத்தைச் சேர்ந்த வேறு கொடியா என்று இந்திய ஆயுஷ் அமைச்சு கேள்வி எழுப்பியது. அமைச்சு பெயர் சொன்ன அந்த வேறு கொடி எது தெரியுமா? நம் நாட்டில் பத்தாவாலி என்ற பெயரில் வேலிதோறும் படர்ந்திருப்பதுதான். அடுத்த ஆண்டே 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரம் வெளிவந்தது. சீந்திலைச் சாப்பிட்ட இலட்சக்கணக்கானோரில் இது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்களுக்கு அந்தச் சிறிய எண்ணிக்கையில் சேரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவோருக்கு அந்த மாத்திரையாலேயே கல்லீரல் பாதிக்கப்படலாம் என்பதால் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்வார்கள். அதன் மேல் இதுவும் ஏன்? அத்தை புட்டிகளைத் தொடவில்லை.

தாவரச் சாறு எதிர்ப்பாற்றலைத் தூண்டி உண்மையிலேயே மனிதர்களைக் காத்த கதை ஒன்று இருக்கிறது. அதை நம் பிள்ளைகள் அதிகம் கேள்விப்பட்டதில்லை. சிலி நாட்டில் கில்லாயா என்றொரு மரம். அதன் பட்டையைத் தண்ணீரில் தேய்த்தால் நுரைக்கும், நம் பாட்டிமார் தலைக்குத் தேய்த்த சீயக்காயையும் பூந்திக்கொட்டையையும் போல. நுரைக்குக் காரணம் சப்போனின்கள். அந்தப் பட்டைச் சாற்றை ஆய்வாளர்கள் பிரித்துப் பிரித்துத் தூய்மைப்படுத்தினார்கள். அதில் கிடைத்த ஒரு பகுதிக்கு கியூஎஸ்-21 என்று பெயர். அது, ஊசி போட்ட இடத்துக்கு அருகிலுள்ள நிணநீர் முடிச்சில் இருக்கும் மேக்ரோஃபேஜ்களை உசுப்பிவிடுகிறது. அவை லிம்போசைட்டுகளை எழுப்புகின்றன. அக்கி அம்மைக்கான ஷிங்ரிக்ஸ் தடுப்பூசியின் ஒரு தவணையில் இது 50 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு. 50 வயதைத் தாண்டிய 15,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த சோதனையில் அந்தத் தடுப்பூசியின் பாதுகாப்பு 97.2 விழுக்காடு. 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்த முதல் மலேரியா தடுப்பூசியிலும் இதே பட்டைப் பொருள் இருக்கிறது.

ஷிங்ரிக்ஸ் போட்டுக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். கை வீங்கும், உடம்பு வலிக்கும், சிலருக்குக் காய்ச்சலும் குளிரும் வரும். உள்ளார்ந்த எதிர்ப்பாற்றலை உண்மையாகவே தூண்டினால் உடம்பு அப்படித்தான் சொல்லும். மாதக்கணக்கில் குடித்தும் ஒரு சிறு மாற்றமும் காட்டாத இனிப்புப் பானம் எதைத் தூண்டுகிறது? என் ஊகம், விற்பனையை.

நம் நாட்டுச் சட்டத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. மருந்து விளம்பரம், விற்பனை தொடர்பான 1956ஆம் ஆண்டுச் சட்டம், புற்றுநோய், சர்க்கரை நோய், ஆஸ்துமா உள்ளிட்ட 20 நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணமாக்கும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்யத் தடை விதிக்கிறது. 'எதிர்ப்புச் சக்தி' ஒரு நோயின் பெயர் அல்ல. அதனால் அந்தப் பட்டியலில் இல்லை. எந்த நோயையும் சொல்லாமல் எல்லா நோயையும் நினைக்க வைக்கும் இப்படியொரு சொல் விற்பவருக்கு எவ்வளவு வசதி என்று பாருங்கள்.

பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தின் அட்டையில் எம்ஏஎல் என்று தொடங்கி, எட்டு இலக்கங்களையும் அவற்றை அடுத்து டி என்ற எழுத்தையும் கொண்ட எண் இருக்கும். டி என்பது பாரம்பரிய மருந்து என்பதைக் குறிக்கும். தரமும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டன என்பதே அந்த எண்ணின் பொருள். நோயாளிகளிடம் சோதித்துப் பலன் நிறுவப்பட்டது என்பதல்ல. தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏயின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டினால், அது உண்மையான பதிவா என்று உடனே தெரிந்துவிடும். கைத்தொலைபேசி வைத்திருக்கும் எந்தப் படிவம் 4 மாணவரும் இதைச் செய்யலாம். அடுத்த விடுமுறையில் வீட்டு அலமாரியில் உள்ள புட்டிகளை மேசையில் வரிசையாக வைத்து, அம்மாவோடும் பாட்டியோடும் உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணாகப் பாருங்கள். எண்ணே இல்லாத புட்டியைத் தனியாக எடுத்து வையுங்கள். எண் இருந்தாலும், வீட்டில் யாராவது தினமும் வேறு மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அந்தப் புட்டியையும் பையில் போட்டுக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.